வழியில் இறந்தவர்கள்

தமிழ் நாளிதழ்களில் விபத்துச் செய்தி பல நேரம் ஒரே வாக்கியத்தில்தான் முடிகிறது: மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவர் பரிதாபமாக உயிரிழந்தார். படித்துப் படித்துப் பழகிய வாக்கியம் என்பதால், ஆயுசு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கண் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. ஆனால் கடுங்காயங்களுக்கான மருத்துவம் வளர்ந்த கதையைப் பின்தொடர்ந்தால், அது முழுவதும் இந்த வாக்கியத்தோடு மனிதர்கள் நடத்திய வழக்கு என்பது புரியும். குண்டடிபட்டவரையும் வண்டியில் நசுங்கியவரையும் இன்று பிழைக்க வைக்க முடிகிறதென்றால், அறுவை அரங்கில் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளே அதற்குக் காரணம் என்று பொதுவாக நம்புகிறோம். அவையும் காரணம்தான்; ஆனால் முதல் காரணம் வேறு. தன் வாசலுக்கு உயிரோடு வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவரை காய மருத்துவம் தேங்கி நின்றது. வந்து சேராதவர்களை அது எண்ணத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் பெரிய அடி ஒன்றை முன்னே வைத்தது. எண்ண மறந்தபோது கற்றதையும் தொலைத்தது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

புண்ணுக்கு மருந்திடுவது மிகப் பழைய தொழில். போரில் மார்பில் பட்ட புண்ணை நெடிய ஊசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் உண்டு. புண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டிய வீரர்கள் புறநானூற்றில் வருகிறார்கள். எல்லா நாட்டுப் பழைய மருத்துவத்திலும் இத்தகைய கைத்திறன் இருந்தது. ஆனால் ஊசியும் பஞ்சும் சென்றடைந்த வீரன், அதற்குள் இரத்தம் வடிந்து சாகாதவன். பழைய மருத்துவனின் அறிவு முழுவதும் அவனைப் பார்த்து வந்தது. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டின் பெரும் பெயரான அம்புருவாஸ் பாரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாவிதத் தொழிலோடு சேர்ந்த அறுவைக் கலையைக் கற்ற பிரெஞ்சுக்காரர் அவர். துப்பாக்கிக் காயத்தில் நஞ்சு இருப்பதாக எண்ணிக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அந்நாளைய வழக்கம். 1537-இல் தூரின் நகரப் போரில் எண்ணெய் தீர்ந்துபோக, முட்டையின் மஞ்சள் கருவையும் பன்னீர்ப்பூ எண்ணெயையும் டர்பன்டைனையும் குழைத்துப் பூசினார். மறுநாள் காலையில் கொதியெண்ணெய் படாதவர்களே வலியின்றித் தூங்கியிருந்தார்கள். 1552 வாக்கில், காலை அகற்றியபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதைக் கைவிட்டு இரத்தக் குழாயை நூலால் கட்டினார். மகத்தான மாற்றங்கள் இவை. ஆயினும் இரண்டுமே அவரது கூடாரத்துக்கு வந்தவர்களுக்கானவை. களத்தில் கிடந்தவனின் கணக்கு யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கைத் திறந்தவர் நெப்போலியன் படையின் மருத்துவர் தோமினிக் லாரே. 1792-இல் பிரெஞ்சுப் படை ரைன் ஆற்றங்கரையில் போரிட்டபோது, மருத்துவ வண்டிகள் படைக்குப் பின்னால் ஒரு காதத்துக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவர்களைப் பொறுக்குவார்கள். அதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். குதிரை பூட்டிய இலேசான பீரங்கிகள் களத்தில் விரைந்து இடம் மாறுவதை லாரே கவனித்தார். கொல்லும் கருவி அவ்வளவு விரைவாகப் போக முடியுமென்றால் காக்கும் வண்டி ஏன் போக முடியாது என்ற கேள்வியிலிருந்து அவருடைய ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ பிறந்தது. இரு சக்கர, நான்கு சக்கர வில்வண்டிகளும், அவற்றோடு செல்லும் மருத்துவர்களும் உதவியாளர்களும் கொண்ட அமைப்பை 1797-இல் இத்தாலியப் போரில் முழுமையாக்கினார். காயத்தின் கடுமைதான் வரிசையைத் தீர்மானிக்கும், பதவியோ பட்டமோ அல்ல என்ற விதியையும் வகுத்தார். 1812-இல் பொரோடினோவில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 பேருக்குக் கை கால்களை அகற்றினார் என்று அவரது கைவேகத்தைத்தான் வரலாறு வியந்து பேசுகிறது. ஆனால் அந்த 200 பேர் அவருடைய மேசைக்கு உயிரோடு வந்து சேர்ந்ததே அவரது வண்டிகளால்தான். கத்தியைவிடச் சக்கரம் செய்த வேலை பெரிது.

இதே பாடம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இன்னும் துல்லியமாக எழுதப்பட்டது, இம்முறை ஓர் இரும்புக் கம்பியால். லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ் வழிவழியாக எலும்பு முறிவு வைத்தியம் செய்த குடும்பத்தில் பிறந்தவர்; தகப்பனார் பட்டம் பெறாத வைத்தியர், இவர் முறையாகப் படித்த மருத்துவர். முழங்கால் நோயாளிகளின் கால் அசையாமல் இருக்க, இடுப்பருகே ஒரு வளையமும் இருபுறமும் நீண்ட கம்பிகளும் கொண்ட சிம்பு ஒன்றை அவர் 1870-களிலேயே செய்துவிட்டார். 1891-இல் அவர் இறந்தபோது மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1914-இல் போர் வந்தது. தொடையெலும்பு முறிந்து வெளியே துருத்திய நிலையில் தூக்கி வரப்பட்ட வீரர்களில் 100-க்கு 80 பேர் வரை இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முறிந்த எலும்பின் முனைகள் தூக்குவோரின் ஒவ்வோர் அசைவிலும் சதையைக் கிழிக்கும். தொடைக்குள் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தேங்கும். வலியும் இரத்த இழப்பும் சேர்ந்து வழியிலேயே ஆளை முடித்துவிடும். தாமஸின் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ், அந்தச் சிம்பை மருத்துவமனையில் மட்டும் வைத்திருக்காமல் பதுங்குகுழிக்கு அருகிலேயே கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். கண்ணைக் கட்டிக்கொண்டும் அதை மாட்டத் தெரியும் அளவுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குவோருக்குப் பயிற்சி தரப்பட்டது. இருட்டில் அதுவே அவர்கள் செய்ய வேண்டிய வேலை. 1917-இல் அராஸ் போரில் இத்தகைய காயம்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் 100-க்கு 16 பேர் அளவில்தான். தொடக்கத்தில் சொல்லப்பட்ட 80 மிகையாகவே இருக்கலாம் என்று கொண்டாலும், இறங்கிய தூரம் பெரிது. 40 ஆண்டுகளாக இருந்த அதே கம்பி, அதே வளையம். மாறியது அதைக் கட்டிய இடம் மட்டும்.

இரத்தத்தின் கதையும் இவ்வாறே. கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை 1901-இல் விளக்கினார். சோடியம் சிட்ரேட் கலந்தால் இரத்தம் உறையாது என்பது 1914-இல் தெரிந்தது. ஆனால் கொடையாளியையும் நோயாளியையும் அருகருகே படுக்க வைத்து ஏற்றும் முறை களத்துக்கு உதவாது. அமெரிக்க மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன், 1917 நவம்பரில் கம்ப்ரே போரின்போது, முன்கூட்டியே எடுத்த இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துக் களத்தருகே கொண்டுபோனார். உலகின் இரத்த வங்கிகளுக்கெல்லாம் தொடக்கம் அந்தப் பெட்டி. போர் முடிந்தது, பாடமும் மங்கியது. அடுத்த உலகப் போருக்கு அமெரிக்கப் படை வந்தபோது, எளிதில் கெடாது, எடுத்துச் செல்ல வசதி என்பதால் பிளாஸ்மாவையே பெரிதும் நம்பி வந்தது. 1943-இல் வட ஆப்பிரிக்காவில் காயம்பட்டோரைப் பார்த்த அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில், பிளாஸ்மா போதாது, முழு இரத்தம் வேண்டும் என்று மேலிடத்தோடு போராட வேண்டியிருந்தது. 26 ஆண்டுகளுக்கு முன் களத்தில் தெரிந்திருந்த செய்தியை மீண்டும் உயிர்களைக் கொடுத்துக் கற்றார்கள். அமைதிக்காலத்து மருத்துவமனைக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. தன் வாசலுக்கு வராத நோயாளியைப் பற்றிய அறிவை அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அறுவைத் திறனின் உச்சம் என்று கருதப்படும் ஒரு முன்னேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். அறுந்த தமனியைத் தைத்து இணைக்கும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அலெக்சிஸ் கரேல் நிறுவியிருந்தார். அதற்காக 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் இரண்டாம் உலகப் போரில் தமனி அறுந்த 2,471 அமெரிக்க வீரர்களைப் பற்றி மைக்கேல் டிபேக்கியும் ஃபியோரிண்டோ சிமியோனும் 1946-இல் எழுதிய ஆய்வைப் பாருங்கள். தைத்துச் சரிசெய்ய முயன்றது 81 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு இரத்தக் குழாயைக் கட்டி விட்டார்கள். அவ்வாறு கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கையையோ காலையோ இழந்தார்கள். மருத்துவர்களுக்குத் தைக்கத் தெரியாமல் போனதல்ல காரணம். காயம்பட்டவர் மேசைக்கு வருவதற்குள் பல மணி நேரம் கடந்து, இரத்தம் ஓடாத சதை ஏற்கெனவே இறந்திருந்தது. கொரியப் போரில் ஹெலிகாப்டர்களும் களத்தை ஒட்டிய நடமாடும் அறுவை மருத்துவமனைகளும் வந்தன. அங்கே தமனியைத் தைப்பது சாத்தியமாயிற்று. உறுப்பிழப்பு 100-க்கு 13 என்ற அளவுக்கு இறங்கியது. கரேலின் ஊசி 40 ஆண்டுகள் காத்திருந்தது. வழி குறுகிய பின்புதான் அதற்கு வேலை கிடைத்தது.

போர்க்களத்தில் இவ்வளவு கற்ற நாடு தன் சாலைகளில் என்ன செய்தது? 1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்துக் காயத்தை நவீன சமுதாயம் புறக்கணித்த நோய் என்று தலைப்பிலேயே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்நாட்டில் விபத்துகளால் இறந்தவர்கள் 1,07,000 பேர். அவர்களில் 49,000 பேர் வாகன விபத்தில். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கத் தொழில் செய்வோர். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வசதியான வண்டி அவர்களிடம்தான் இருந்தது என்பதே காரணம். நகரத் தெருவில் அடிபடுவதைவிடப் போர்முனையில் அடிபட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று அனுபவமுள்ள மருத்துவர்கள் கருதியதையும் அறிக்கை பதிவு செய்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் முறையான ஆம்புலன்ஸ் பணியாளர்களும், காயங்களுக்கென்றே தனி மையங்களும் வந்தன. பால்டிமோரில் ஆர் ஆடம்ஸ் கௌலி ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்ற சொல்லைப் பரப்பினார். 1979-இல் கலிபோர்னியாவில் டொனால்டு டிரங்கியும் உடன் பணியாற்றியோரும் இறந்தவர்களின் உடற்கூறாய்வு அறிக்கைகளை எடுத்து இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் காயம்பட்டோர் அனைவரும் அதற்கெனத் தயாராக இருந்த ஒரே மருத்துவமனைக்குப் போனார்கள். ஆரஞ்சு மாவட்டத்தில் எது அருகில் இருந்ததோ அங்கே போனார்கள். மூளைக்காயம் அல்லாத மரணங்களில் ஆரஞ்சு மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அப்படிச் சொல்லத்தக்க மரணம் ஒன்றே ஒன்று. வழி என்றால் தூரம் மட்டும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு திருத்தியது. எந்த வாசலில் போய் நிற்கிறது என்பதும் வழியைச் சேர்ந்ததே.

என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று டூர்னிகெட் என்ற இறுக்குக் கட்டின் கதை. கையிலோ காலிலோ பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும். திருகு வைத்த டூர்னிகெட்டை 1718-இல் பாரிஸின் ழான் லூயி பெத்தி செய்தார். ஆனால் உலகப் போர்க்காலத்து மருத்துவர்கள் பலர் அதை வெறுத்தார்கள். வெறுப்புக்குக் காரணம் இருந்தது: களத்தில் கட்டிய கட்டு மருத்துவமனைக்கு வந்து அவிழும்போது பல மணி நேரம் ஆகியிருக்கும், கால் கறுத்துச் செத்திருக்கும். கட்டால் காலை இழந்தவனை மருத்துவர் தம் கண்ணால் பார்த்தார். கட்டு இல்லாமல் இரத்தம் வடிந்து இறந்தவனை அவர் பார்க்கவே இல்லை. அவன் களத்திலேயே புதைக்கப்பட்டான். ஒரு பக்கச் சாட்சியை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு, பயணம் ஹெலிகாப்டரில் குறுகிய பிறகும் மாறாமல் பாடநூல்களில் நின்றது. வியட்நாமில் இறந்த 2,600 அமெரிக்க வீரர்களை ஆராய்ந்து 1970-இல் வெளியான கட்டுரை, 100-க்கு 7 பேருக்கு மேல் கை கால் இரத்தப்போக்கால் மட்டுமே இறந்ததாகச் சொன்னது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு கடந்து, 1996-இல்தான் களச் சிகிச்சைக்கான புதிய நெறிமுறை டூர்னிகெட்டை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது. 2006-இல் பாக்தாத்தின் போர்க்கால மருத்துவமனை ஒன்றில் ஜான் கிராக் செய்த ஆய்வு வழக்கை முடித்தது. இரத்தம் வெகுவாகக் குறைந்து உடல் சில்லிடும் முன்பே கட்டுப் போடப்பட்டவர்களில் 100-க்கு 90 பேர் பிழைத்தார்கள். அதற்குப் பின் போடப்பட்டவர்களில் 10 பேர்தான். கட்டினால் மட்டுமே கால் போனவர் என்று ஒருவரும் அந்த ஆய்வில் இல்லை.

மருந்துகளிலும் இதே தடம் உண்டு. முதல் உலகப் போரில் பணியாற்றிய வால்டர் கேனன் 1918-இலேயே எச்சரித்தார்: இரத்தப்போக்கை நிறுத்த ஆள் தயாராகும் முன் நீரை ஏற்றி இரத்த அழுத்தத்தை உயர்த்தினால், உடலுக்குத் தேவையான இரத்தமே வெளியே போய்விடும். அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டு, அடிபட்டவருக்கு வழியெங்கும் சலைன் பாட்டில்களை ஏற்றுவது பிற்காலத்தில் நியதியாயிற்று. 1994-இல் ஹூஸ்டன் நகரில் உடற்பகுதியில் குண்டோ கத்தியோ துளைத்த 598 பேரை ஆராய்ந்தபோது, உடனே சலைன் ஏற்றப்பட்டவர்களில் 100-க்கு 62 பேரும், அறுவை அரங்குக்குப் போகும்வரை ஏற்றாமல் நிறுத்திவைக்கப்பட்டவர்களில் 70 பேரும் பிழைத்திருந்தார்கள். கேனன் சொன்னது 76 ஆண்டுகளுக்குப் பின் எண்ணிக்கையில் உறுதியானது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962-இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம், உறைந்த இரத்தம் கரைந்துபோகாமல் காக்கும் மலிவான மருந்து. அதை விபத்துக் காயத்தில் முறையாகச் சோதிக்க 2010 வரை ஆயிற்று. இந்தியா உட்பட 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வில் மரணம் 100-க்கு 16.0 என்பதிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தபோது பலன் மிக அதிகம். மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தபோது இரத்தப்போக்கால் இறப்பவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. ஒரே மருந்து, வழியின் நீளத்தைப் பொறுத்து அமுதமாகவும் தீங்காகவும் ஆனது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதல் மறுப்பு: மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் பெனிசிலினும் இல்லாமல் எந்த வண்டி எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்? உண்மைதான். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் 1865 முதல் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டிய எலும்பு முறிவுக்காரர்கள் 11 பேரில் 9 பேர் உறுப்போடு குணமானார்கள். அந்நாளில் அது நம்ப முடியாத விளைவு. ஆனால் அழுகலும் சீழும் கொல்வது நாட்கள், வாரங்கள் கழித்து. லிஸ்டர் மூடியது பின்வாசல். முன்வாசலில் நிமிடங்களில் நடக்கும் சாவுக்கு அது மருந்தல்ல. முன்வாசலைத் தாண்டியவருக்கே பின்வாசல் காவல் பயன்படும். அறுவை அரங்குக்குள் வந்த பெரிய திருப்பமும் இதையே சொல்கிறது. அட்லாண்டாவில் ஹார்லன் ஸ்டோன் 1983-இல் எழுதிய அறிக்கையில், வயிற்றுக் காயத்தில் இரத்தம் உறையும் தன்மையை இழந்தவர்களுக்கு அறுவையை முழுமையாகச் செய்து முடித்தபோது 14 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இரத்தப்போக்கைப் பஞ்சு அடைத்து நிறுத்திவிட்டு, வயிற்றை மூடி, உடலைச் சூடாக்கி, பிறகு மீண்டும் திறந்து மீதியைச் செய்தபோது 17 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். திறமையான கை தன் வேலையைப் பாதியில் நிறுத்தக் கற்றதுதான் அங்கே முன்னேற்றம். மேசையின் மேலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை ஸ்டோன் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பொன்னான ஒரு மணி நேரம் என்பதற்குத் திடமான சான்று எங்கே? வட அமெரிக்காவில் 3,656 பேரை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இந்த மறுப்பில் பாதி ஏற்கத்தக்கது. 60-ஆவது நிமிடத்தில் கதவு எதுவும் சாத்தப்படுவதில்லை. தொடைத் தமனி அறுந்தவருக்கு 5 நிமிடமே நீளம், கணுக்கால் முறிந்தவருக்கு 5 மணி நேரமும் தாங்கும். எல்லாக் காயத்தையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் அவசரம் கரைந்து மறைந்துவிடும். போதாக்குறைக்கு, மிக மோசமாக அடிபட்டவரைத்தான் பணியாளர்கள் மிக வேகமாகக் கொண்டுபோகிறார்கள். ஆகவே வேகமாகப் போனவர்களும் இறப்பதாகக் கணக்குக் காட்டும். அதோடு அந்த ஆய்வு நடந்தது, ஆம்புலன்ஸ் வருவது ஏற்கெனவே உறுதியான ஊர்களில். ஆனால் இந்த மறுப்பு ஒன்றைச் சரியாகக் கற்பிக்கிறது: வெறும் வேகத்தை வழிபடக் கூடாது. தாமஸ் சிம்பு வண்டியை வேகமாக ஓட்டவில்லை, வழியைத் தாங்கக்கூடியதாக்கியது. டூர்னிகெட்டும் அப்படியே. வழியைக் குறுக்குவது, வழியில் உயிரைப் பிடித்து வைப்பது, சரியான வாசலுக்குப் போவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நான் சொல்லும் பாடம்.

மூன்றாவதாக, உயிர் தப்பினால் மட்டும் போதுமா, உழைத்துப் பிழைக்கக் கையும் காலும் வேண்டாமா என்ற கேள்வி எழும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது பாதி உயிருக்குச் சமமான கேள்வி. இங்கே தமிழ்நாட்டின் பங்கு உலகறிந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரனும் உடன் பணியாற்றியோரும் முழங்காலுக்குக் கீழ் சதை கிழிந்து எலும்பு வெளித் தெரியும் முறிவுகளுக்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசையும் நரம்பும் என்று பிரித்து, நோயாளியின் பிற நிலைமைகளையும் சேர்த்து மதிப்பிடும் முறை அது. கூட்டுத்தொகை 14 வரை என்றால் காலைக் காக்க முயலலாம். 17-ஐ எட்டினால் அகற்றுவதே பெரும்பாலும் நலம். இடைப்பட்டவரை அனுபவமுள்ளோர் தனித்தனியே பார்த்து முடிவெடுக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களும் எடுத்தாளும் அளவுகோல் இது. ஆனால் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கவே, அடிபட்டவர் உயிரோடும் நேரத்தோடும் தகுந்த மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். காலைக் காக்கும் கலையும் வழியின் முடிவில்தான் தொடங்குகிறது.

நம் நாட்டில் வழியை நீட்டியது தூரம் மட்டுமல்ல. அச்சமும் காகிதமும் அதை நீட்டின. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு அடிப்படை ஒரு நாளிதழ்ச் செய்தி. ஸ்கூட்டரில் சென்றவர் கார் மோதி விழுகிறார். வழிப்போக்கர் ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். இது போலீஸ் வழக்கு, இத்தகைய வழக்குகளை எடுக்க அனுமதி பெற்ற வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்புகிறார்கள். போய்ச் சேரும் முன்பே அவர் இறந்துவிடுகிறார். உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குப் பின்புதான், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் இது பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. உதவியவரைச் சாட்சிக்கூண்டுக்கு அலைக்கழிக்கும் அச்சம் அதன்பின்னும் நீங்கவில்லை. 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 134ஏ பிரிவாக அதைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் யாராயினும் எந்த ஊர்க்காரராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றது. முன்பணம் கட்டச் சொல்லி வாசலில் நிறுத்தும் நிமிடங்களும் வழியின் நிமிடங்களே என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி.

ஆயினும் 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இந்த எண் நமக்குத் தெரிகிறது. இவர்களில் எத்தனை பேர் எந்த நிமிடத்தில், எதனால், எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்பதைத்தான் நாம் ஒவ்வொருவருக்குமாகக் கேட்பதில்லை. லாரே முதல் கிராஷ்-2 வரையான வரலாறு நம்மிடம் வைக்கும் கோரிக்கை அந்தக் கேள்விதான். வழியில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு எழுதப்பட வேண்டும்: எப்போது அடிபட்டார், எப்போது அழைப்புப் போனது, இரத்தத்தை யாராவது அழுத்திப் பிடித்தார்களா, முதல் மருத்துவமனை அவரை ஏற்றதா, அனுப்பியதா. நாளிதழ்கள் அந்தப் பழகிய வாக்கியத்தை எழுதும்போது, எத்தனை நிமிட வழி என்பதையும் சேர்த்து எழுதட்டும். படிப்பவருக்கும் சொல்ல ஒன்று உண்டு. இரத்தம் பீறிடும் காயத்தில் சுத்தமான துணியை வைத்து, உதவி வரும்வரை கையெடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், 108-ஐ அழையுங்கள். உதவியவரின் பெயரையோ முகவரியையோ கட்டாயப்படுத்திக் கேட்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை.